நான் சொல்லாமல் விட்ட காற்று

பல்கலைக்கழகப் பொறியியல் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற ஆளிடம் இப்படிக் கேட்டால் அவன் எங்கே ஆரம்பிப்பான் என்று உங்களுக்கே தெரியும். அவன் போட்ட குழாய், அவன் தூக்கி நிறுத்திய தொட்டி, அவன் மட்டும் இல்லாவிட்டால் வளாகமே நாக்கு வறண்டு செத்திருக்கும் என்கிற கதை. என்னிடமும் அந்த மாதிரிக் கதைகள் நிறைய இருக்கின்றன. கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லி மெருகேற்றி வைத்திருக்கிறேன். அவற்றால் உங்களுக்குக் காலணா பிரயோஜனம் கிடையாது.

பிரயோஜனப்படக்கூடியது ஒன்று இருக்கிறது. அதில் நான் நல்லவனாக வரமாட்டேன். அதனால்தான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன்.

நூலகத்துக்கு எதிரே இருக்கும் நீரூற்றை நீங்கள் தினமும் கடந்து போகிறீர்கள். நடுவில் வெண்கலத்தில் ஒரு கைபம்பு. அதைச் சுற்றி வளைந்து செல்லும் வரிசையில் பதினேழு வெண்கலக் குடங்கள். எல்லாம் நம் வீட்டு பிளாஸ்டிக் குடங்களின் அச்சு அசல். ஒன்றில் நசுங்கல்கூட இருக்கிறது, இன்னொன்றின் கழுத்தில் அடையாளத்துக்குக் கட்டிய துணி. ஆட்கள் மட்டும் கிடையாது. பம்பிலிருந்து எழும் தண்ணீர் முதல் குடத்தில் விழுந்து, அது நிறைந்து வழிந்து அடுத்ததில் இறங்கி, கடைசிக் குடம் வரை வந்து சேரும். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற ஊர்க்காரர்கள் யாரானாலும் அதைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். பசங்கள் பக்கத்தில் நின்று ரீல்ஸ் எடுக்கிறார்கள். நல்ல வேலை. இன்றைக்கும் அதை நல்ல வேலை என்று எழுதும்போது என் பேனா ஒரு இழுப்பு இழுக்கிறது.

ஏனென்றால் அந்த இடத்தில் என் நீரூற்று வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பதினோரு வருடமாக என் மேஜை டிராயரில் ஒரு வரைபடம் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்று அடுக்குத் தாமரை, மேல் அடுக்கில் கலர் விளக்கு. நூலகத்துக்கு முன்னால் ஒரு நீரூற்று வைக்கலாம் என்று நிர்வாகம் முடிவு செய்த அன்றைக்கு அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். குழுவில் இருந்த ஒரு பேராசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “கல்யாண மண்டபத்து வாசல்ல இருக்கிற மாதிரி இருக்கு சார்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. பிறகு ஒரு சிற்பியை அழைத்துவந்து இந்தக் குடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். என் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அதோடு முடிந்திருந்தால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறந்திருப்பேன். ஆனால் சிற்பத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பொறுப்பை எனக்குக் கீழே வேலை பார்த்த ரிஸ்வானாவிடம் கொடுத்தார்கள்.

ரிஸ்வானாவை உங்களில் பலருக்குத் தெரியும். அப்போது அவர் உதவிப் பொறியாளர், சேர்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது, இன்னும் பணி நிரந்தரம் ஆகவில்லை. சிந்தாதிரிப்பேட்டைப் பெண். அப்பாவுக்கு அங்கே லேத் பட்டறை. பத்து வயதிலிருந்தே பட்டறையில் இரும்புத் தூள் படிந்த ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவராம். அப்பாவுக்குக் கண் பார்வை மங்கிப் பட்டறையைச் சித்தப்பாவிடம் விட்ட பிறகு, வீடு ரிஸ்வானாவின் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியவில்லை. விண்ணப்பத்தில் இருந்ததை நான்தான் படித்திருந்தேன்.

அந்தப் பெண்ணைப் பார்த்தால் எனக்கு ஆகாது. வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். காரணம் கேட்டால் அப்போது நூறு சொல்லியிருப்பேன். அவசரம், அனுபவம் போதாது, பெரியவர்களிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுகிறாள். உண்மையான காரணம் எங்கள் பம்பு ஆபரேட்டர் ஏழுமலை. இருபது வருடமாக எந்த மோட்டார் முனகினாலும் அவர் எனக்குத்தான் போன் செய்வார். அந்த வருடம் போன் வருவது குறைந்தது. ஒரு நாள் நானே பம்பு அறைக்குப் போய் விசாரித்தேன்.

“மூணாம் நம்பர் மோட்டார் இன்னா ஆச்சு ஏழுமலை?”

“அது அப்பவே சரியாயிடுச்சி சார். மேடம் வந்துச்சி, ஸ்க்ரூ டிரைவரை மோட்டார் மேல வெச்சி, காதை ஒட்டிக் கேட்டுச்சி. பேரிங்குதான்னு சொல்லிச்சி. கழட்டிப் பார்த்தா பேரிங்கேதான். கில்லி சார் அது!”

நானும் அப்படித்தான் கேட்பேன். முப்பது வருடமாக அப்படித்தான் கேட்டேன். என்னை யாரும் கில்லி என்று சொன்னதில்லை. அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

நீரூற்று வேலை ஆரம்பித்ததும் இது இன்னும் மோசமானது. சிற்பி என் அறையைத் தாண்டி நேராக ரிஸ்வானாவிடம் போவார். தண்ணீர் வெளியே வரும் மூக்குக் குழாயை எங்கே செய்யலாம் என்று நான் மூன்று கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது, ரிஸ்வானா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையைப் பிடித்து நாலே நாளில் கடைந்து வாங்கிவந்து மேஜை மேல் வைத்தார். கையில் எடுத்துப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்க ஆசையாக இருந்தது. விரலை விட்டுத் தடவினேன், ஒரு பிசிறு இல்லை. “பரவாயில்லை” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அது பரவாயில்லை ரகம் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பதிவாளர் ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “இந்த நீரூற்று திறப்பு நல்லபடியா முடியட்டும் ரிஸ்வானா, உன் நிரந்தர ஆணையில அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்.” முடியாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. தகுதிகாண் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது, நீட்டிப்பது அவர் வழக்கமில்லை.

இந்த இடத்தில் நான் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

பல்கலைக்கழகத்துக்கு வருவதற்கு முன் ஒரு ஒப்பந்ததாரரிடம் வேலை பார்த்தேன். தி.நகரில் ஒரு கல்யாண மண்டப வாசலில்தான் என் முதல் நீரூற்று. ஆமாம், மண்டபத்து வாசல், அந்தப் பேராசிரியை சரியாகத்தான் சொன்னார். காலை ஆறு மணிக்கு ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர் கம்பி மாதிரி நேராக நின்றது. மாலை வரவேற்பு. மாப்பிள்ளையின் அம்மா காரை விட்டு இறங்கிய நேரம் பார்த்துக் கடற்காற்று வந்தது. மொத்தத் தண்ணீரும் அவர் தலைமேல். அரக்குப் பட்டு, வைத்த பூ, பூசிய பவுடர் எல்லாம் போச்சு. மண்டப மேனேஜர் என்னைச் சமையற்கட்டு வழியாக வெளியே துரத்தினார். மறுநாள் என் முதலாளி என்னைத் திட்டவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே ஒன்று சொன்னார்: “காலையில ஓட்டிப் பார்த்தா, அது காலையில மட்டும்தான்யா சரியா ஓடும்.”

அதற்குப் பிறகு எந்த நீரூற்று வேலை என்றாலும், நாளில் நான்கு வேளை அந்த இடத்தில் போய் நின்று ஒரு ரிப்பனைத் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுவேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டது. அதனால் அது என் சொத்து என்று நினைத்தேன்.

நூலகத்துக்கு எதிரே உள்ள இடத்திலும் நின்றிருக்கிறேன், என் தாமரைக்காக. நூலகத்துக்கும் அதன் பக்கத்தில் எழும்பிய ஏழு மாடிக் கட்டடத்துக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறதே, அது நேரே கிழக்கைப் பார்த்தது. ஏழு மாடி வந்ததும் கடற்காற்று அடைபட்டுவிட்டது என்று எல்லோரும் குறைப்பட்டுக்கொண்டார்கள். அடைபட்ட காற்று வேறு எங்கே போகும்? அந்தச் சந்துக்குள் நெருக்கிக்கொண்டு வந்தது. வெயில் காலத்தில் மூன்றரை மணிக்கு மேல் அங்கே டீ குடிக்க நின்றால் காகிதக் கப் கையை விட்டுப் பறக்கும். சிற்பி கேட்டபடி இருபது அடி உயரத்துக்கு எழும் தண்ணீர் என்ன ஆகும் என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வேன். அப்படியே மேற்குப் பக்கம் சாய்ந்து கொட்டும்.

ரிஸ்வானா இதைக் கவனிக்காமல் போனது அவர் தவறே இல்லை. பரீட்சைக் காலம். நூலக வாசலில் பகலில் மோட்டார் சத்தம் கூடாது என்று உத்தரவு. அதனால் சோதனை எல்லாம் காலை ஆறிலிருந்து எட்டுக்குள். மற்ற நேரத்தில் வேலை நடந்த இடத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் தகரத் தடுப்பு, அதற்கு மேல் பச்சை வலை. உள்ளே நின்றவர்களுக்கு வேர்த்து ஊற்றுமே தவிரக் காற்று என்பதே தெரியாது. திறப்பு விழாவுக்கு முதல் நாள்தான் தகரத்தைக் கழற்றுவதாக ஏற்பாடு. விழா மாலை நான்கு மணிக்கு. நாற்காலிகள் மேற்குப் பக்கம்.

இதையெல்லாம் நான் ஒரே நிமிடத்தில் கூட்டிப் பார்த்துவிட்டேன். விழா அழைப்பிதழ் மேஜைக்கு வந்த நிமிடம் அது. வாசித்துவிட்டு மடித்து வைத்தேன். எனக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது. அதை இத்தனை வருடம் கழித்தும் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து ரிஸ்வானா சோதனை அறிக்கையோடு வந்தார். சுத்தமான அறிக்கை. அழுத்தம், உயரம், வழியும் நேரம், எல்லாம் கட்டம் கட்டமாக. கோப்பை என் முன்னால் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“சார், நான் எதையாவது விட்டிருக்கேனா? நீங்க நிறைய ஃபவுண்டன் பார்த்திருக்கீங்க. எனக்கு இதுதான் முதல்.”

இதைவிட நேராக ஒருவர் கேட்க முடியாது. பதில் என் வாயில் இருந்தது, “சாயங்காலம் காற்றைப் பாரும்மா” என்று மூன்றே வார்த்தை. நான் கோப்பைப் புரட்டினேன். இன்னொரு தரம் புரட்டினேன்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றேன்.

“தேங்க்ஸ் சார். நீங்க பார்த்துட்டீங்கன்னா எனக்கு நிம்மதி.”

கோப்பில் நான் “ஒப்புதல்” என்று எழுதவில்லை. “பார்த்தேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் புதியவர்கள், இந்த வித்தியாசம் இன்னும் உங்களுக்குப் பிடிபட்டிருக்காது. ஒப்புதல் என்றால் பொறுப்பில் பாதி எனக்கு. பார்த்தேன் என்றால் பார்த்தேன், அவ்வளவுதான், பிறகு எது நடந்தாலும் என்னைத் தொடாது. நம் உத்தியோகத்தில் இந்தச் சாமர்த்தியம் தானாக வந்துவிடும். யாராவது உங்களிடம் வாய் திறந்து கேட்கும்போது, உங்கள் பேனா எந்த வார்த்தையைத் தேடுகிறது என்று பாருங்கள். உங்கள் மனசு என்ன நிலைமையில் இருக்கிறது என்று அது சொல்லிவிடும்.

வீட்டில் என் மனைவிக்கு எதையும் சொல்லாமலே தெரிந்துவிடும். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனோ என்னவோ.

“ஏன்னா, ரெண்டு நாளா ஆத்துல ஒருத்தரோடயும் பேச மாட்டேங்கறேள். ஆபீஸ்ல அந்தப் பொண்ணோட எதாவது சண்டையா?”

“சண்டையெல்லாம் ஒண்ணுமில்லை. அவளோட ஃபவுண்டன் திறக்கப் போறா.”

“திறக்கட்டுமே. உங்களுக்கு அதுல என்ன?” என்றவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “வயித்தெரிச்சல்! அதானே? அதை வாய்விட்டு ஒத்துண்டுட்டேள்னா பாதி சரியாப் போயிடும்.”

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பேப்பரைப் புரட்டினேன்.

விழா நாள் வந்தது. மூன்று மணிக்கே போய்விட்டேன். முதல் வரிசை நாற்காலிகளில் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தார்கள். என் பெயரும் இருந்தது, துணைவேந்தருக்கு ஐந்தாவது நாற்காலி. விழாக்களில் அந்த வரிசைக்காக நான் எப்படி முண்டியடிப்பேன் என்பதை உங்கள் மூத்தவர்களைக் கேளுங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். போட்டோவில் பாதி முகமாவது விழ வேண்டும் எனக்கு. அன்று அந்த நாற்காலியில் உட்காரவில்லை. சுற்றிக்கொண்டு நீரூற்றின் கிழக்குப் பக்கம் போனேன். அங்கே பம்பு இறக்கியிருக்கும் குழி, அதன் இரும்பு மூடி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஏழுமலை. வேறு யாரும் இல்லை.

“இன்னா சார், இங்க வந்துட்டீங்க? உங்க சேரு முன்னாடி கீது பாருங்க.”

“மோட்டார் பக்கம் ஒரு ஆள் இருக்கட்டும்னு வந்தேன்.”

“அதுக்குத்தான் நான் கீறேனே சார்” என்று சிரித்தார். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான போது எடுத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது. மோட்டாரை ரிமோட்டில் ஓட்டிவிடலாம் என்பதால் அவருக்குக் குழிப் பக்கம் வேலையில்லை. “நான் அந்தப் பக்கம் போய் முன்னாடி நின்னு பார்க்கறேன் சார். நம்ம தண்ணி எப்டி வருதுன்னு ஒரு வாட்டி முழுசாப் பார்க்கணும்.”

அவர் நாலு எட்டு வைத்திருப்பார். என்னையறியாமல் வாய் வந்துவிட்டது.

“ஏழுமலை, அந்தப் பக்கம் நிக்காதே. இங்கேயே நில்லு.”

“ஏன் சார்?”

நான் குனிந்து இரும்பு மூடியைப் பார்த்தேன். அவர் நின்றுவிட்டார். துணைவேந்தர் நனையட்டும், பதிவாளர் நனையட்டும் என்று நினைத்தவனுக்கு ஏழுமலையின் வெள்ளைச் சட்டை நனைவது தாங்கவில்லை. நான் முழுக்கக் கெட்டவன் இல்லை என்று காட்ட இதைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பொறாமைக்காரனுக்கும் வேண்டியவர்கள் நாலு பேர் இருப்பார்கள், அவ்வளவுதான்.

நான்கு மணிக்குப் பேச்சுகள் ஆரம்பமாயின. சிற்பி பேசினார், துணைவேந்தர் பேசினார். நான் கட்டடங்களின் நடுவிலிருந்த சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று வந்தது. சொன்ன நேரத்துக்கு வரும் ஒரே விருந்தாளி அதுதான் இந்த ஊரில். முதலில் என் முகத்தில் பட்டது. பிறகு ஷாமியானாவின் ஜாலர் லேசாக ஆடியது. முன்வரிசையில் வேர்த்துக்கொண்டிருந்தவர்கள் அப்பாடா என்று சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்கள். காற்று வந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கு எல்லோரையும்விட அதிகம்.

கடைசிப் பேச்சாளர் முடிக்கும் தறுவாயில், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரிஸ்வானா எங்கள் பக்கம் வந்தார். மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தார் போலிருக்கிறது. ஏழுமலையைப் பார்த்ததும் நின்றார்.

“ஏன் ஏழுமலை அண்ணே இங்க நிக்கிறீங்க? முன்னாடி போய்ப் பாருங்கன்னு சொன்னேனே?”

“போனேன் மேடம். சார்தான் அந்தப் பக்கம் நிக்காதன்னாரு.”

ரிஸ்வானா என்னைப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் காலியாக இருந்த என் நாற்காலியைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். பந்தலில் கட்டியிருந்த காகிதத் தோரணம் முழுவதும் ஒரே பக்கமாக, மேற்கே, படபடத்துக்கொண்டிருந்தது. ரிமோட்டை ஏழுமலை கையில் திணித்து, “நான் சொல்ற வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க” என்றார். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, இரும்பு மூடியைத் தூக்கிக் குழிக்குள் இறங்கினார்.

கீழே வால்வு திரும்பும் சத்தம் கேட்டது. மேலே தொகுப்பாளினி, “இப்போது நம் துணைவேந்தர் அவர்கள் நீரூற்றை இயக்கி வைப்பார்கள்” என்று அறிவித்துவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் ரிமோட்டுக்காக ஏழுமலையை நோக்கி வேகமாக வந்தார். ஏழுமலை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “மேடம் சொல்லணும்ங்க.” “யோவ், விசி காத்துக்கினு நிக்கிறாருய்யா!” “மேடம் சொல்லணும்ங்க.” அப்போதுதான், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல், நான் தரையைப் பார்த்தேன்.

மேற்குப் பக்கத் தரை முழுக்க வயர். மைக்குக்கு, ஃபோகஸ் விளக்குக்கு, ஸ்பீக்கருக்கு. இணைப்புப் பெட்டிகள் திறந்தபடி புல்லில் கிடந்தன. இருபது அடி உயரத்துத் தண்ணீர் வந்து விழப்போகும் அதே இடத்தில், ஐம்பது அறுபது பேர் காலடியில். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்கள். நான் அதுவரை அதை யோசிக்கவே இல்லை. பட்டுப்புடவை நனையும், பெண்ணின் வேலை போகும் என்று மட்டும்தான் யோசித்திருந்தேன். முப்பது வருடம் மின்மோட்டாரோடு பழகியவன் நான்.

“அண்ணே, குடுங்க” என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

பொத்தானை அழுத்தினார்கள். தண்ணீர் வந்தது. இருபது அடி இல்லை, ஐந்தடிகூட இருக்காது. பம்பின் வாயிலிருந்து புடைத்துக்கொண்டு எழுந்து, முதல் குடத்தில் தளதளவென்று விழுந்தது. காற்று அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. முதல் குடம் நிறைந்தது, இரண்டாவது நிறைந்தது, ஒவ்வொரு குடம் நிறையும்போதும் கூட்டத்தில் கைதட்டல். நிஜக் கைபம்பில் தண்ணீர் எப்படி வருமோ அப்படி வந்தது. இருபது அடி வேண்டும் என்று ஆறு மாதம் அடம்பிடித்த சிற்பி, “இப்படித்தான் இருக்கணும்னு நான் முதல்லேர்ந்து சொல்லிட்டிருந்தேன்” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

நன்றியுரை ரிஸ்வானாவுடையது. கையில் கிரீஸோடு மைக்கைப் பிடித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னைப் பற்றி என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று தீர்மானித்திருந்தேன். எழுதி வைத்திருந்ததை எல்லாம் படித்து முடித்துவிட்டுத் தாளை மடித்தார்.

“கடைசியா ஒருத்தருக்கு நன்றி. நீரூற்றைச் சோதிச்சதெல்லாம் காலை நேரத்துல. சாயங்காலக் காத்துக்கு இந்த உயரம் தாங்காதுன்னு கடைசி நிமிஷத்துல எங்களைக் காப்பாத்தினது நம்ம சுந்தரம் சார். முன்வரிசையில உட்காராம மோட்டார்கிட்ட போய் நின்னார். அவர் அங்க நிக்கலைன்னா இன்னைக்கு நாம எல்லாரும் நனைஞ்சிருப்போம்.”

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதுதான் கொடுமை. எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். துணைவேந்தர் என்னை மேடைக்கு அழைத்து, மிச்சமிருந்த ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். இல்லை என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் இருந்தது, மைக்கும் பக்கத்தில்தான் இருந்தது. வாங்கிக்கொண்டேன். போட்டோவில் முழு முகமும் விழுந்தது.

ரிஸ்வானாவின் ஆணையில் பதிவாளர் சொன்னபடி அன்றே கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை மூன்று வருடம் சேர்ந்து வேலை செய்தோம். எந்த வேலையின் முடிவிலும் ரிஸ்வானா கோப்போடு வந்து, அறையில் நாலு பேர் இருக்கும்போது, “சார், அன்னைக்கு ஃபவுண்டன்ல காப்பாத்தின மாதிரி இதுலயும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க” என்பார். நாலு பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். சொல்லாமல் இருக்க முடியுமா? காற்று, உப்புத் தண்ணீரில் அடைக்கும் குழாய், மழைக்கு முன்னால் தூர் வார வேண்டிய இடம், எந்த ஒப்பந்ததாரர் எங்கே கை வைப்பார் என்பது வரை, எனக்குத் தெரிந்த அத்தனையும் மூன்று வருடத்தில் அவரிடம் போய்ச் சேர்ந்தது. என் காற்று நோட்டையே எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். உங்கள் கையில் இருப்பது அந்த நகல்தான்.

விடைபெற்ற நாளில் மாலை போட்டார்கள், சுவீட், காரம், காபி எல்லாம் முடிந்தது. எல்லோரும் போன பிறகு ரிஸ்வானாவை உட்காரச் சொன்னேன். மூன்று வருடமாக மறைத்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“அந்தத் திறப்பு விழாவுல நான் உன்னைக் காப்பாத்த அங்க நிக்கலைம்மா. நனையாம இருக்கத்தான் நின்னேன். காத்து வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும். நீ வந்து கேட்டப்பவே தெரியும். உன் மேல பொறாமை எனக்கு. சொல்லாம இருந்துட்டேன்.”

ரிஸ்வானா அதிர்ச்சி அடையவில்லை. மேஜையில் கிடந்த மிக்சரில் இருந்து ஒரு கடலையைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

“தெரியும் சார்.”

“எப்ப தெரியும்?”

“குழியில இறங்கும்போதே தெரியும். அவ்வளவு கோவம் வந்துச்சு. மைக்ல எல்லாத்தையும் சொல்லிடலாம்னுதான் மேல ஏறி வந்தேன்.”

“பின்னே ஏன் சொல்லலை?”

“சொல்லியிருந்தா அதுக்கப்புறம் நீங்க எனக்கு எதையாவது சொல்லித் தந்திருப்பீங்களா சார்? உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் உங்களோடயே ரிட்டயர் ஆகியிருக்கும். எல்லார் முன்னாடியும் உங்களை நல்லவராக்கிட்டேன். அப்புறம் நீங்க நல்லவரா இருந்துதானே ஆகணும்?”

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் எழுந்து என் மாலையை ஒரு பையில் போட்டு, ஸ்கூட்டரில் மாட்டிவிட்டார். நான் மந்தைவெளி வழியாக மெதுவாக வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அத்தனை வருடம் நூற்றுக்கணக்கான ஆட்களைக் கட்டி மேய்த்தவன் நான். ஒரு மனிதனிடமிருந்து வேலை வாங்க இப்படி ஒரு வழி இருக்கிறது என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்கு, அவ்வளவு கோபத்தில், ஒரு குழிக்குள் நின்றுகொண்டு, இரண்டு நிமிடத்தில் தோன்றியிருக்கிறது. அதை நினைக்க நினைக்க வழியெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுதும் இந்த நிமிடமும் எரிகிறது.